பட்டாணிக்காரர்

வெந்த பட்டாணி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துகிறார். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். தோலைத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். பருப்பை நகத்தால் நான்காகக் கிள்ளி, மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டு, ஒவ்வொரு மீனின் முகத்துக்கு நேராகவும் ஒரு துண்டை விடுகிறார். தொட்டியில் இருப்பவை நான்கு தங்கமீன்கள். உருண்டை வயிறும் முந்தானை போன்ற வாலுமாக அவை அவருடைய விரல்களை மொய்த்துக்கொள்கின்றன. "இரு, இரு. உனக்குக் குடுத்தாச்சுல்ல? அவனுக்கு விடு," என்கிறார். ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டிருக்கும் குழந்தைகள்கூட அந்த நேரத்தில் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

அது ஒரு குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறை. நான் அங்கே முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிந்து, எண் கூப்பிடுகிறவள். எட்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள் அவரைப் பார்த்துவருகிறேன். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியான ஆள். வாளி தூக்கித் தூக்கி ஒரு தோள் சற்று இறங்கிவிட்டது. வெறுங்கையோடு நடக்கும்போதும் அந்தப் பக்கம் வாளி இருப்பதுபோலவே நடப்பார். சட்டைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதற்குள் உப்பில்லாமல் வேகவைத்த பச்சைப் பட்டாணி. எங்கள் நர்ஸ் அவருக்குப் 'பட்டாணிக்காரர்' என்று பெயர் வைத்தாள். இப்போது டாக்டரே "பட்டாணி வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்.

எங்களைத் தவிர அவருக்கு இன்னும் பதினோரு தொட்டிகள். பல் மருத்துவர் ஒருவர், ஒரு வங்கி, இரண்டு விடுதிகள், ஒரு வக்கீல் அலுவலகம் என்று ஊரைச் சுற்றி வருவார். வக்கீல் அலுவலகத்துத் தொட்டியில் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுப்பு மீன் ஒன்று உண்டு. அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று யாரோ சொல்லி வாங்கிவிட்டு, அதற்கென்று ஒன்றுமே போடாமல் விட்டிருந்தார்களாம். இவர் போய்ப் பார்த்தபோது வயிறு ஒட்டி உள்ளே போயிருந்ததாம். "கூட்டிப் பெருக்குறவங்களுக்குக் குப்பையவே சாப்பாடா போடுவாங்களா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். அன்று முதல் அந்த மீனுக்கு வாரம் இரண்டு முறை வெள்ளரிக்காய்த் துண்டு, கல்லில் கட்டி அடியில் இறக்கப்படுகிறது.

அவர் வராத நாட்களில் மீனுக்கு நான்தான் சாப்பாடு போடவேண்டும். அதற்காக ஒரு மாத்திரைப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். வயதானவர்கள் மறக்காமல் மருந்து சாப்பிட வைத்துக்கொள்வார்களே, ஏழு கிழமைக்கு ஏழு அறை உள்ள பெட்டி, அதேதான். ஒரு அறையில் குருணைத் தீவனம். ஒன்றில் காய்ந்த குட்டி இறால். ஒன்றில் வெந்நீரில் முக்கி நறுக்கிய கீரை. ஞாயிற்றுக்கிழமை அறையில் 'பட்டினி' என்று எழுதிய துண்டுச்சீட்டு. குருணையை அப்படியே போடக்கூடாது. ஒரு மூடித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவேண்டும். நான் ஒரு முறை அவசரத்தில் நான்கு நிமிடத்திலேயே போட்டுவிட்டேன். மறுநாள் வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், "ஊறலையோ?" என்று மட்டும் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தினமும் பிஸ்கட்டு மட்டும் தின்னா நம்ம வயிறு என்னாகும்? அதுக்கும் வயிறுதானே," என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு. கீரையும் வேண்டும், புழுவும் வேண்டும், ஒரு நாள் ஒன்றும் இல்லாமலும் வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் தின்று முடிக்கிற அளவுதான் போடவேண்டும். இவ்வளவு தெரிந்தவர், யாராவது வந்து "எங்க வீட்டு மீன் சாப்பிட மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் மட்டும் தடுமாறிப்போவார். தொட்டி எவ்வளவு பெரிது, எத்தனை மீன், என்ன போடுகிறீர்கள் என்று இருபது கேள்வி கேட்பார். கடைசியில், "சட்டுனு சொல்லத் தெரியலீங்க. நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்," என்று நழுவிவிடுவார். கேட்டவர்கள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். தன்னடக்கம் என்று காட்டிக்கொள்கிறார் என நானும் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை அந்த நினைப்பு மாறியது.

ஆறாவது வாரத்து ஊசிக்காக ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. குழந்தையின் அம்மாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கூடவே அவளுடைய அம்மா, முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வந்தார். அவர்களுக்கு நான்கடி பின்னால் இரண்டு பை, ஒரு குடை, வெந்நீர்க் குடுவை, மருத்துவக் கோப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒரு மெலிந்த பெண்மணி. வீட்டு வேலைக்கு இருப்பவர் என்று நினைத்து, "பையை அந்த மூலையில வச்சிடுங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மூலையில் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் அந்த முட்டி வலி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணம் ஆகாதவர். அக்கா வீட்டிலேயே இருக்கிறார். குழந்தையின் அம்மாவுக்குச் சித்தி.

சித்தி தொட்டியின் பக்கம் மெல்ல நகர்ந்தார். பட்டாணிக்காரர் அப்போது கையைத் தண்ணீருக்குள் விட்டு வடிகட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சித்தி, அந்தப் பக்கம் போகாதீங்க. நீங்க பாத்தாலே மீன் மல்லாந்துடும்."

பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்க, அக்கா கதையைத் தொடங்கினார். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தங்கமீன் வாங்கிக் கொடுத்தார்களாம். மகள் பத்து நாள் பள்ளிச் சுற்றுலா போனபோது மீனைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாளாம். ஒன்பதாவது நாள் மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்ததாம். அதைப் பாட்டிலில் போட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாராம் சித்தி.

"கடைக்காரரே சொல்லிட்டாரு. தண்ணி மாத்தத் தெரியாம நீங்களே கொன்னுட்டீங்கன்னு. இவளும் வந்து அப்படியே எங்ககிட்ட ஒப்பிச்சா. பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்ல? அன்னிலேருந்து எங்க வீட்டுல எதைக் குடுத்தாலும் 'பாத்து, மீன் கதை ஆயிடப்போகுது'ன்னுதான் சொல்லுவோம்."

அறை முழுவதும் சிரித்தது. கதை நன்றாகச் சொல்லப்பட்டது, நானும் சிரித்தேன். சித்தியும் சிரித்தார். "ஆமா, நான்தான் சரியா பாத்துக்கல," என்றார், பாதி எங்களிடமும் பாதி தொட்டியிடமும்.

பட்டாணிக்காரரின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. மீன்கள் வந்து விரலைக் கொத்தின. அவர் அசையவில்லை. குடும்பம் உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டு வெளியேறும் வரை தொட்டிக்குப் பின்னால் குனிந்து, இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் மீனுக்கு ஒன்றும் போடாமலே போய்விட்டார். எட்டு வருடத்தில் அது முதல் தடவை.

மறுநாள் வியாழக்கிழமை, அவர் வரும் நாள் இல்லை. நான் கதவைத் திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தார். நேற்றுப் போடாததை இன்று போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். பட்டாணியை உரித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நேத்து அந்த அம்மா சொன்னாங்கள்ல, கடைக்காரர்னு. அது நான்தான்," என்றார்.

தொட்டி பராமரிக்கும் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு மீன் கடையில் பதினோரு வருடம் விற்பனையில் இருந்தாராம். வளர்ப்பு மீன், கண்ணாடித் தொட்டி, கூழாங்கல் எல்லாம் விற்கும் கடை. தீவனம் ஒரே ஒரு வகைதான். மேலே மிதக்கும் காய்ந்த உருண்டை. எந்த மீன் வாங்கினாலும் அதே டப்பா, அதே வசனம்: "காலையில ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. வேற ஒண்ணும் வேண்டாம்." மீன் செத்துவிட்டது என்று யாராவது வந்தால் அதற்கும் ஒரே பதில்தான். தண்ணீர் சரியில்லை, உங்களுக்கு மாற்றத் தெரியவில்லை. முதலாளி சொல்லிக் கொடுத்தது. அதைக் கேட்டுச் சிலர் சண்டை போட்டார்களாம். ஒருவர் பாட்டிலையே தரையில் போட்டு உடைத்துவிட்டுப் போனாராம். அவர்கள் முகம் ஒன்றும் நினைவில்லை என்றார்.

"இவங்க சண்டை போடல மேடம். என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. நான்தான் சரியா பாத்துக்கல, மன்னிச்சுக்குங்கன்னு. அவங்க மீனு, அவங்க வீடு, என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? நானும் பெரிய மனுஷன் மாதிரி, சரி சரி, இனிமே கவனமா இருங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

மூன்று வருடம் கழித்துக் கடையிலேயே ஒரு தங்கமீன் மல்லாந்துவிட்டது. தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. மீன் வாங்க வந்திருந்த ஒரு விடுதிச் சமையல்காரம்மா, "அதுக்கு வயிறு கட்டியிருக்குப்பா. ரெண்டு நாள் பட்டினி போட்டு, பட்டாணிய வேகவச்சு உரிச்சுக் குடு," என்றாராம். காய்ந்த உருண்டையைத் தின்ன மேலே வரும்போது காற்றையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது, தீவனம் வயிற்றுக்குள் போய் ஊதுகிறது, தினமும் அதையே தின்றால் வேறு என்ன ஆகும் என்று கேட்டாராம். இவர் சிரித்தார். ஆனாலும் முதலாளிக்குத் தெரியாமல் ஒரு வாளியில் மீனை வைத்து, சொன்னபடி செய்து பார்த்தார். நான்காம் நாள் காலையில் அது நேராக நீந்திக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மீன் நிமிர்ந்துச்சு. நான் குனிஞ்சேன். அவ்வளவுதான்," என்றார்.

அந்தப் பெண்மணியைத் தேடினீர்களா என்று கேட்டேன். எங்கே என்று தேடுவது, பெயர்கூடத் தெரியாதே என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, தேடவேண்டாம் என்று இருந்தது நிம்மதியாகவும் இருந்தது என்றார். ஒரு மீன்தானே, மறந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாராம். பதினான்கு வருடமாக ஒரு வீட்டில் தன் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. பதிவேட்டில் அவர்கள் முகவரி இருக்குமா என்று கேட்டார். அதைக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அடுத்த ஊசி பத்தாவது வாரத்தில் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. எந்தத் தேதி என்று சொன்னேன்.

அந்த நாளில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் கேலி செய்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

குடும்பம் வந்தது. அக்கா என் மேசைக்கு வந்து, நல்ல குழந்தைகள் காப்பகம் ஏதாவது தெரியுமா என்று விசாரித்தார். மகள் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாளாம். தனக்கோ முட்டி வலி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க முடியாது. வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டேன். "தங்கச்சி இருக்கா. ஆனா…" என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. குழந்தையின் தொட்டிலுக்குத் துணி தைத்தது, கஞ்சி காய்ச்சுவது, அழுக்குத் துணி அலசுவது எல்லாம் சித்திதான் என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. குழந்தையை அவரிடம் தனியாக விட்டுப் போவதற்குத்தான் அவர்களுக்கு மனம் வரவில்லை.

குடிநீர்க் குழாய் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்தி குடுவையில் தண்ணீர் பிடிக்க வந்தபோது பட்டாணிக்காரர் அங்கே போய் நின்றார். தான் யார் என்று சொன்னார். சித்திக்கு அடையாளம் தெரியவில்லை. கடையின் பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. குடுவை நிறைந்து வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. உங்க தண்ணியில ஒரு கோளாறும் இல்ல. நான் வித்த சாப்பாடுதான். அதையும் போடத் தெரியாம போடச் சொன்னதும் நான்தான்."

சித்தி குழாயை மூடினார். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அது பிழைச்சிருக்குமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"பிழைச்சிருக்கும்," என்றார் பட்டாணிக்காரர். ரெண்டு நாள் பட்டினி, அப்புறம் வெந்த பட்டாணி, அவ்வளவுதான் வைத்தியம் என்று விளக்கினார்.

"பட்டாணி வீட்லயே இருந்துச்சு," என்றார் சித்தி. "அன்னிக்குக் காலையிலதான் உரிச்சு வச்சிருந்தேன்."

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. குடுவையின் மூடியைத் திருகினார். பிறகு சாதாரணமாக, ஒரு பொருளை எடுத்துத் தரச் சொல்வதுபோலக் கேட்டார்: "இதை எங்க அக்காகிட்டயும் அவ பொண்ணுகிட்டயும் வந்து சொல்றீங்களா? நான் சொன்னா நல்லா இருக்காது."

பட்டாணிக்காரர் திரும்பிப் பார்த்தார். அறை நிறைய ஆட்கள். அக்கா யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "சொல்றேன்மா, கண்டிப்பா சொல்றேன். இப்ப பேங்க்குல ஒரு வேலை இருக்கு, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்," என்றார். தொட்டியின் மூடியைக்கூட மூடாமல் படியிறங்கிப் போனார். சித்தி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஊசி முடிந்து கிளம்பும் வரை அவர் திரும்பி வரவில்லை. கிளம்பும்போது சித்தி என்னிடம், "அவருக்கு வேலை நீண்டுபோச்சு போல," என்றார். பட்டாணிக்காரருக்காக நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பட்டாணிக்காரரை நான் பார்க்கவில்லை. ஆனால் தொட்டி சுத்தமாக இருந்தது. மாத்திரைப் பெட்டி நிறைந்திருந்தது. ஏழு மணிக்குக் காவலாளி கதவு திறக்கும்போதே வந்துவிட்டுப் போய்விடுகிறார் என்று தெரிந்ததும் ஒரு நாள் நானும் ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். திட்டத்தான் வந்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"பயம் இல்ல மேடம். வெக்கம். தனியா சொல்லிட்டேன், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவங்க அக்காகிட்டயும் வந்து சொல்லுன்னதும் கால் தானா படியில இறங்கிடுச்சு. பேங்க்குல ஒரு வேலையும் இல்ல. எதிர்க்க டீக்கடைக்குப் பின்னால நின்னு, அவங்க போறதைப் பாத்துட்டுத்தான் போனேன்."

பதினான்காவது வாரம் எந்த வெள்ளிக்கிழமை வருகிறது என்று சொல்லிவிட்டு நான் என் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். 

அந்த வெள்ளிக்கிழமை அவர் நிதானமாக மீனுக்குச் சாப்பாடு போட்டு முடித்தார். தொட்டியை மூடினார். அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"நீங்க ஒரு மீன் கதை சொன்னீங்கள்ல, அதுல வர்ற கடைக்காரன் நான்தான்," என்றார்.

அக்கா முதலில் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும். அவர் மேலே சொல்லச் சொல்லச் சிரிப்பு குறைந்தது. தான் விற்ற தீவனம் என்ன, அதை எப்படிப் போடச் சொன்னார், மீனுக்கு உண்மையில் என்ன ஆனது, இந்த அம்மா தண்ணீரை மாற்றியதில் ஒரு குறையும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.   பக்கத்தில் இருந்த அம்மாக்கள் குழந்தைகளை அடக்கிவிட்டுக் கேட்டார்கள். காதுகள் வரை அவருக்குச் சிவந்திருந்தது.

"எப்பவோ நடந்தது. பதினாலு வருஷம் ஆச்சு," என்றார் அக்கா. "ஒரு மீனு. இப்ப எதுக்கு அதை?"

"நீங்க இன்னும் சொல்லிட்டிருக்கீங்களேம்மா."

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டார். குழந்தையின் அம்மா சித்தியின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் சித்தி அப்பவே சண்டை போடல?" என்று கேட்டாள். கேட்ட குரலில் குற்றம் சாட்டுவதுபோல ஒரு தொனி இருந்தது. அது யாருக்கானது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"என்னன்னு போடறது? கடைக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றார் சித்தி.

நான் அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டேன். கூப்பிடவேண்டிய நேரம்தான்; ஆனாலும் அதைவிடப் பொருத்தமில்லாத நேரத்தில் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. உள்ளே போனார்கள், ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். அக்கா பட்டாணிக்காரரைப் பார்க்காமலே கடந்து போனார். மகள் ஒரு கணம் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, குழந்தை வீறிட்டதும் நடந்துவிட்டாள். கடைசியாகப் பைகளோடு வந்த சித்தி மட்டும் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றியா, போதும் என்பதா, எனக்குப் புரியவில்லை.

மனம் லேசாயிற்றா என்று கேட்டேன். "எங்க? அப்ப ரெண்டு பேருக்குத் தெரியும். இப்ப அறை பூரா தெரியும்," என்றார். உண்மையிலேயே அதற்குப் பிறகு அவர் முன்பைவிடக் கூச்சப்பட்டார். அன்று அறையில் இருந்த அம்மாக்கள் யாராவது மறுபடி வந்தால் தொட்டியின் மறுபக்கம் போய்விடுவார். அந்தப் பதினோரு வருடத்தில் இன்னும் எத்தனை பேரை அப்படி அனுப்பினேனோ, எத்தனை வீட்டில் என்ன கதை ஓடுகிறதோ என்று ஒரு நாள், கீரை நறுக்கிக்கொண்டே, தானாகச் சொன்னார். 

காப்பகம் பற்றி அக்கா மறுபடி என்னிடம் கேட்கவில்லை. வேறு எங்கோ விசாரித்துச் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் மாத ஊசிக்குச் சித்தி வந்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. இடுப்பில் குழந்தை, தோளில் ஒரே ஒரு பை. குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது. அவருடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. அக்கா எங்கே என்று கேட்டேன். "அவளுக்கு முட்டி. பொண்ணு ஆபீஸ். நாங்க ரெண்டு பேரும்தான் இப்பல்லாம்," என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

புதன்கிழமை என்பதால் பட்டாணிக்காரர் தொட்டியருகில் இருந்தார். சித்தியைப் பார்த்ததும் குனிந்து வாளியை நகர்த்த ஆரம்பித்தார். நான் ஊசிக் கோப்பைக் கேட்டேன். கோப்பு பையின் அடியில் இருந்தது. சித்தி ஒரு கையால் துழாவிப் பார்த்தார். குழந்தை மறுபக்கம் சாய்ந்து மீனைப் பிடிக்கத் தாவியது. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். காலி நாற்காலிகள் நிறைய இருந்தன. நானும் எழுந்து கை நீட்டியிருப்பேன்.

"இந்தாங்க, கொஞ்சம் பிடிங்க," என்று அவர் குழந்தையைப் பட்டாணிக்காரரிடம் நீட்டினார்.

பட்டாணிக்காரர் நிமிர்ந்தார். "கை ஈரம்மா," என்றார். இரண்டு கைகளையும் சட்டையின் முன்பக்கத்தில் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். சித்தி நீட்டிய கைகளை மடக்கவில்லை. குழந்தை அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று துடைத்துக்கொண்டே இருந்தார்.